அப்பத்தா சேலையில் ஒரு பாப்பா விரிப்பு... பீரோவில் தூங்கும் துணிகளை எடுங்க, நீங்களே தைக்கலாம்!

உங்க வீட்டு பீரோவோட அடித்தட்டை ஒருமுறை திறந்து பாருங்க. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரி கொலுன்னு போய்வந்த இடத்துல எல்லாம் தாம்பூலத்தோட வெச்சுக் கொடுத்த பிளவுஸ் பிட்டுகள் மடிப்பு கலையாம அடுக்கியிருக்கும். அடுத்த விசேஷத்துக்கு யாருக்காவது கொடுக்கலாம்னு அம்மா எடுத்து வெச்சது. அதுக்கும் கீழே, இனி யாரும் கட்டப் போறதில்லைன்னு தெரிஞ்சும் தூக்கிப்போட மனசு வராத ரெண்டு மூணு காட்டன் சேலைகள். டெய்லர் திருப்பிக் கொடுத்த வெட்டுத்துணி மூட்டை ஒண்ணு. அப்பாவோட நைஞ்ச வேட்டி ஒண்ணு.

மேல்நாட்டுல தையலைப் பொழுதுபோக்கா வெச்சிருக்கறவங்க, இப்படிச் சேர்ந்துபோற துணிக் குவியலுக்கு 'ஸ்டாஷ்'னு பேர் வெச்சிருக்காங்க. நம்ம வீட்டுல அதுக்குப் பேரே இல்லை, ஆனா சரக்கு நிறைய இருக்கு. வீட்டுல ஒரு பாப்பா வரப்போகுதுன்னா, கடையில போய் கார்ட்டூன் போட்ட பாலியஸ்டர் போர்வை வாங்குறதுக்கு முன்னாடி இந்த அடித்தட்டை ஒரு நாள் கொட்டிப் பாருங்க. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அளவுல ஒரு சதுர விரிப்பு, நாலைஞ்சு வார இறுதி வேலை. தையல் மெஷின் இருந்தா நல்லது, இல்லைன்னாலும் ஊசி நூல் போதும்.

இதை எழுதுற நான் டெய்லரிங் படிச்சவள் இல்லை. போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தப்போ ஒரு விரிப்பு தைச்சேன். அது சொதப்பல். அப்புறம் இன்னொண்ணு தைச்சேன், அதுல இன்னும் பாப்பா புரண்டுக்கிட்டு இருக்கா. முதல் விரிப்புல நான் பண்ண தப்பெல்லாம் கீழே அங்கங்கே வரும். நீங்க அதைத் தாண்டிப் போயிடலாம்.

பழைய துணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாம, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன வேட்டியையோ சேலையையோ கிழிச்சுச் சுத்துற வழக்கம் நம்ம ஊர்ல இன்னும் பல வீடுகள்ல இருக்கு. தூளி கட்டுறதும் பழைய காட்டன் சேலையிலதான். காரணம் சென்டிமென்ட் மட்டும் கிடையாது. புதுத்துணியில கஞ்சி இருக்கும், ஃபினிஷிங்குக்குப் போட்ட ரசாயனம் இருக்கும், ஒட்டாத சாயம் மிச்சம் இருக்கும். நூறு தடவை தண்ணியில போய் வந்த துணியில இதெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும், நூலும் இளகியிருக்கும்.

இந்தத் துணிகளை அடுக்கித் தைக்கிற கலை இந்தியா முழுக்க வேற வேற பேர்ல இருக்கு. வங்காளத்துல 'காந்தா'. பழைய சேலைகளை ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சு, எல்லா அடுக்கையும் சேர்த்துச் சின்னச் சின்ன ரன்னிங் ஸ்டிச் போடுறது. அதுக்கான நூலையே அந்தக் காலத்துல சேலைக் கரையில இருந்து உருவி எடுத்தாங்க. நாம 'கந்தல்', 'கந்தை'ன்னு சொல்றோமே, அந்தக் 'கந்தை'யும் காந்தாவும் ஒரே சம்ஸ்கிருத வேர்ச்சொல்லில இருந்து வந்த சொந்தக்காரங்கதான். மகாராஷ்டிராவுல இதே வேலை 'கோதடி', வட கர்நாடகாவுல 'கௌதி', தெலுங்குல 'பொந்த'.

பீகார்ல முசாஃபர்பூர் பக்கம் 'சுஜ்னி'ன்னு ஒண்ணு இருக்கு. பிறந்த குழந்தையைச் சுத்தி எடுக்குறதுக்காகவே பழந்துணிகளை ஒட்டித் தைக்கிறதுலதான் இது ஆரம்பிச்சது. அங்கே கந்தல்களுக்குன்னே 'சித்திரியா மா'ன்னு ஒரு அம்மனை வெச்சிருக்காங்க. கிழிஞ்ச துண்டுகளை ஒண்ணாச் சேர்க்குறது மூலமா அந்த அம்மனோட அருள் குழந்தைக்குக் கிடைக்கும்ங்கறது நம்பிக்கை. சுஜ்னிக்கு 2006-ல புவிசார் குறியீடு கிடைச்சது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கர்நாடகாவோட உத்தர கன்னட மாவட்டத்துல வாழ்ற சித்தி இனப் பெண்கள் தைக்கிற 'கவந்தி'. போர்த்துக்கீசியர்கள் காலத்துல ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவரப்பட்டவங்களோட வம்சாவளி இவங்க. நாம துண்டுகளை முதல்ல தைச்சு இணைச்சுட்டு அப்புறம் அடியில துணி கொடுப்போம். இவங்க அப்படி இல்லை. அடித்துணியா ஒரு சேலையை விரிச்சு, ஓரத்துல இருந்து ஒட்டுத்துணிகளை வெச்சு வெச்சுத் தைச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நடுவுல முடிச்சதும், நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணியை வெச்சுத் தைப்பாங்க. அதுக்குப் பேரு 'பூல்', அதாவது பூ. பூ வைக்காத கவந்தி அவங்களைப் பொறுத்தவரைக்கும் துணி கட்டாத மாதிரி.

நம்ம ஊர்ல ஏன் இந்த அளவுக்கு இது வளரலைன்னு யோசிச்சா, என்னோட கணிப்பு: வெயில்தான். போர்த்திக்கிற தேவை நமக்குக் கம்மி. அதனால சேலை தூளியாப் போச்சு, படுக்கைக்கு இலவம்பஞ்சு வந்துடுச்சு. ஆனா தரையில விரிக்க எப்பவும் ஒரு துணி வேணும்தானே? அந்த விரிப்பைத்தான் இப்போ தைக்கப் போறோம்.

எந்தத் துணி ஓகே, எது வேண்டவே வேண்டாம்?

பாதி வேலை இதுலதான் இருக்கு. அவசரப்படாதீங்க.

குழந்தைக்குன்னா காட்டன், காட்டன் மட்டும்தான். ரவிக்கைக்கு எடுக்குற டூ பை டூ, உள்பாவாடைக்கு எடுக்குற பாப்ளின், மல் துணி, சுங்குடி, சாதாரண கைத்தறி எல்லாமே அருமையா வரும். தாம்பூலத்துல வர்ற பிளவுஸ் பிட்டுலதான் சிக்கல். பார்க்கக் காட்டன் மாதிரியே இருக்கும், பாதி பாலியஸ்டரா இருக்கும். கண்டுபிடிக்க சுலபமான வழி, ஓரத்துல இருந்து ரெண்டு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, சிங்க் மேல வெச்சுக் கொளுத்துறது. காகிதம் எரியற வாடை வந்து, விரலால தேய்ச்சா பொடியாகுற சாம்பல் கிடைச்சா காட்டன். உருகி, சுருண்டு, கெட்டியா ஒரு மணி மாதிரி நின்னுச்சுன்னா பாலியஸ்டர் கலந்திருக்கு. அதை எடுத்துப் பை தைக்க வெச்சுக்கோங்க.

பட்டுப்புடவை? 'கல்யாணப் புடவையில ஒரு துண்டாவது வைக்கணும்'னு வீட்டுல யாராவது நிச்சயம் கேட்பாங்க. ஜரிகை பிஞ்சு வந்தா குழந்தையோட தோலைக் கீறும், பட்டும் காட்டனும் தண்ணியில ஒரே மாதிரி சுருங்காது. பட்டுத்துண்டுல ஒரு சின்னச் சுருக்குப்பை தைச்சு, அதுக்குள்ள பாப்பாவோட முதல் கொலுசைப் போட்டு வைங்கன்னு சொல்லிச் சமாளிச்சுடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன்.

பழைய டி-ஷர்ட், குழந்தைகளோட பனியன் துணி மாதிரி இழுபடுற துணிகளைச் சேர்க்கணும்னா, பின்பக்கம் அயர்ன் பண்ணினா ஒட்டிக்கிற மெல்லிசு கேன்வாஸ் வெச்சுட்டு வெட்டுங்க. இல்லைன்னா சதுரம் சதுரமாவே இருக்காது. முதல் முயற்சியில இதைத் தவிர்க்கறதே நல்லது.

பழைய சேலையை வெளிச்சத்துக்கு நேரா ரெண்டு பேர் பிடிச்சுப் பாருங்க. கீழ்க்கரை தரையில தேய்ஞ்சு போயிருக்கும், இடுப்புல சொருகுற இடம் நைஞ்சிருக்கும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் தெம்பா இருக்கும். ரெண்டு கட்டைவிரலையும் துணி மேல வெச்சு வெளிப்பக்கமா இழுங்க. 'சர்'னு சத்தம் கேட்டா அந்த இடம் மேல்துணிக்கு ஆகாது. உள் அடுக்குக்கு வெச்சுக்கலாம்.

வீட்டுல சரக்கு போதலைன்னா புதுசா வாங்கக் கிளம்பாதீங்க, பக்கத்துத் தெரு டெய்லர் அக்காகிட்ட கேளுங்க. பிளவுஸ் வெட்டின மிச்சம் சாக்குல கிடக்கும். திருப்பூர்க்காரங்களுக்குக் காதர்பேட்டை இருக்கு, ஈரோட்டுக்காரங்களுக்குக் கனி மார்க்கெட் இருக்கு, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன!

இப்போ நான் சொதப்பின கதை. ஒரு மெரூன் கலர் புது பிளவுஸ் பிட். அலசாம அப்படியே வெட்டி, அப்பாவோட வெள்ளை வேட்டித் துண்டுக்குப் பக்கத்துல வெச்சுத் தைச்சேன். முதல் துவையல்ல வெள்ளைச் சதுரம் அத்தனையும் ரோஸ் கலர். அழகாத்தான் இருந்துச்சுன்னு சமாளிச்சேன், ஆனா பாப்பா வாயில வெச்சுச் சப்புற துணியில சாயம் கரையுதுங்கறதுதான் உண்மையான பிரச்னை. பழைய சேலையைப் பத்திக் கவலை இல்லை, அது விடவேண்டிய சாயத்தை எல்லாம் எப்பவோ விட்டிருக்கும். புதுத் துணியைத்தான் சந்தேகப்படணும்.

அதனால, வெட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெதுவெதுப்பான தண்ணியில துவைச்சுக் காய வைங்க. அப்புறம் ஒவ்வொரு அடர் நிறத் துணியையும் நனைச்சு, ஒரு வெள்ளைக் கர்ச்சீஃபை மேல வெச்சு நல்லா அழுத்தித் தேயுங்க. கர்ச்சீஃப்ல கறை ஏறினா மறுபடியும் துவைங்க. மூணு தடவைக்கு அப்புறமும் ஏறினா அந்தத் துணியை எடுத்துடுங்க. உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் நின்னுடும்னு எல்லார் வீட்டுலயும் சொல்வாங்க. ஊறவைங்க, வேணாம்னு சொல்லலை, ஆனா அதை நம்பி கர்ச்சீஃப் டெஸ்ட்டை விட்டுடாதீங்க. துவைக்கிறதுல இன்னொரு லாபம், சுருங்க வேண்டிய துணி இப்பவே சுருங்கிடும்.

அந்துருண்டை வாடை வருதா? நில்லுங்க!

இதைத் தனியா சொல்லணும். பீரோவுல பல வருஷம் இருந்த துணியில அந்துருண்டை வாடை இருக்கும். பழைய வகை அந்துருண்டை நாஃப்தலீன்ல செய்யறது. 'ஜி-6-பி-டி'ங்கற என்சைம் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு, இந்த நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைச்சு, கடுமையான மஞ்சள்காமாலை வரை கொண்டுபோய் விடலாம். அந்துருண்டை போட்டு வெச்ச துணியைச் சுத்தினதாலயே குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கா இல்லையான்னு பல வீடுகள்ல தெரிஞ்சே இருக்காது.

வாடை அடிக்கிற துணியைப் பல தடவை துவைச்சு, பல நாள் வெயில்லயும் காத்துலயும் போட்டு, மூக்குக்கிட்ட வெச்சா சோப்பு வாசம் மட்டும் வர்ற வரைக்கும் விடாதீங்க. வாடை போகவே இல்லைன்னா, அது யாரோட சேலையா இருந்தாலும் பாப்பாவுக்கு வேண்டாம். தைச்சு முடிச்ச விரிப்பையும் அந்துருண்டை போட்ட பீரோவுல வைக்காதீங்க. காய்ஞ்ச வேப்பிலை போதும்.

கணக்கு போட்டுடலாமா?

36 அங்குலத்துக்கு 36 அங்குலம். பாப்பா குப்புறப் படுத்துப் புரள இது போதும், வண்டியில கொண்டுபோகவும் மடிக்கலாம். 5 அங்குலச் சதுரமா 64 துண்டுகள் வேணும். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனா, சதுரம் நாலரை அங்குலமா நிக்கும். எட்டு நாலரை முப்பத்தாறு. 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட் ஒண்ணுலேயே 30 சதுரத்துக்கு மேல எடுக்கலாம், அதனால எட்டு விதத் துணியில எட்டு எட்டு எடுத்தாக்கூட உங்க ஸ்டாஷ் கொஞ்சம்கூடக் குறையாது. எனக்கு அது ஏமாற்றமா இருந்துச்சு!

அடித்துணிக்கும் உள் அடுக்குக்கும் ஒரே ஒரு பழைய காட்டன் சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலைன்னா சுமார் 216 அங்குலம். 40 அங்குலமா மூணு துண்டு வெட்டினா 120 போச்சு. ஒண்ணு அடித்துணி, ரெண்டு உள் அடுக்கு. ஓரப்பட்டிக்கு, அதாவது பைண்டிங்குக்கு, ரெண்டரை அங்குல அகலத்துல சேலையோட குறுக்கே நாலு பட்டை, மொத்தம் 10 அங்குலம். கரையை வெட்டி எடுக்குற மாதிரி இருந்தா அஞ்சு பட்டையா வெட்டிக்கோங்க. அதுக்கப்புறமும் ரெண்டு மீட்டருக்கு மேல மிச்சம் இருக்கும்.

உள்ளே பஞ்சு வைக்கலாமேன்னு தோணும். ஆன்லைன்ல வர்ற பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டைத்தான் முதல் விரிப்புக்கு வெச்சேன். சித்திரை மாச வெயில்ல பாப்பா முதுகு முழுக்க வேர்க்குரு. இலவம்பஞ்சும் இதுக்குச் சரிவராது, ஒரு துவையல்லயே கட்டி கட்டியா ஒரு மூலைக்குப் போயிடும். நம்ம தட்பவெப்பத்துக்கு ரெண்டு அடுக்கு பழைய சேலைதான் சரி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க ஒரு பழைய டர்க்கி டவலைக் கூடவே வெச்சுக்கலாம்.

கத்திரி வைக்கிற நேரம்

இந்த இடத்துல உங்க வீட்டுல ஒரு சண்டை வரும். எங்க வீட்டுல வந்துச்சு. இரண்டாவது விரிப்புக்கு நான் எடுத்தது அப்பத்தாவோட சுங்குடிச் சேலை. ஊதாவுல வெள்ளைப் புள்ளி. அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு, சேலை பீரோவுலதான் இருந்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை. அப்பாதான், "அதுல கத்திரி வைக்காத"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். நான் வாதாடலை. ரெண்டு நாள் கழிச்சு அவரே சேலையை எடுத்துட்டு வந்து, தேய்ஞ்ச இடத்தை விரல் விட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் எப்படியும் போயிருச்சு, இதை எடுத்துக்க. முந்தானையைத் தொடாத"ன்னார்.

வெட்டினா திரும்பாது. அதனால யாரோட சேலையோ, அவங்களுக்கு ரொம்ப வேண்டியவங்ககிட்ட கேட்காம வெட்டாதீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி சேலையை முழுசா விரிச்சு ஒரு போட்டோ எடுத்து வைங்க. நைஞ்ச இடத்துல இருந்து வெட்ட ஆரம்பிங்க.

சதுரம் வெட்ட அட்டை வேணும். கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லாருக்கும். அதைவிட நல்லது பழைய எக்ஸ்ரே ஃபிலிம், ஓரம் தேயாது, கீழே டிசைன் எங்க விழுதுன்னும் தெரியும். துணியோட நூல் போற திசைக்கு நேரா அட்டையை வைங்க. சாய்வா வெட்டின சதுரம் இழுபட்டுக்கிட்டே இருக்கும்.

64 சதுரத்தையும் தரையில அடுக்கிப் பாருங்க. மாத்தி மாத்தி வைங்க. திருப்தியா இருக்குன்னு தோணினதும் போன்ல ஒரு போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. அடர்நிறம் எல்லாம் ஒரே மூலையில குவிஞ்சிருந்தா உடனே தெரிஞ்சிடும். கலர்ல கண்ணுக்குத் தெரியாதது இதுல தெரியும். முடிவு பண்ண போட்டோவை வெச்சுக்கோங்க, வீட்டுல ஃபேன் போட்டுட்டாங்கன்னா அதுதான் ஆதாரம்.

வரிசை வரிசையாத் தையுங்க. தையல் ஓரம் கால் அங்குலம், அதாவது ரெண்டு நூல். இதுல ஒரு நூல் கூடப்போனா என்ன ஆகும்னு நினைக்காதீங்க. ஒரு வரிசையில 7 இணைப்பு. இணைப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரு நூல் அதிகம்னா, வரிசை முடியறப்போ ஒண்ணேமுக்கால் அங்குலம் காணாமப் போயிருக்கும். எட்டு வரிசையும் எட்டு நீளத்துல நிக்கும். மெஷின் தட்டுல ஊசியில இருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு டேப் ஒட்டிட்டு, துணியோட ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்க.

முதல் வரிசையில தையல் மடிப்பை எல்லாம் இடப்பக்கமா அயர்ன் பண்ணுங்க, அடுத்த வரிசையில வலப்பக்கமா. இப்படி மாத்தி மாத்திப் போட்டா, வரிசைகளைச் சேர்க்கறப்போ மூலைகள் ஒண்ணுல ஒண்ணு பூட்டின மாதிரி உட்காரும். என் முதல் விரிப்புல நான் அயர்ன் பாக்ஸையே எடுக்கலை. மூலைகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு.

அடுக்கு, அடக்கு, தை

தரையில அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கற மாதிரி விரிச்சு, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டுங்க. மேல ரெண்டு உள் அடுக்கு. அதுக்கு மேல ஒட்டுத்துணி விரிப்பு, நல்ல பக்கம் மேலே. நடுவுல இருந்து வெளியே நோக்கிச் சுருக்கத்தைத் தள்ளிக்கிட்டே போய், நாலு விரல் இடைவெளிக்கு ஒரு ஊக்கு குத்துங்க. எத்தனை ஊக்குன்னு எண்ணி ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. தைச்சு முடிச்சதும் அதே எண்ணிக்கை கைக்கு வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் தேடிக் கண்டுபிடிக்காம விரிப்பைக் கொடுக்காதீங்க. ஊக்கு பயமா இருந்தா, நீள நீளமா நூலோட்டம் போட்டு அடக்கிட்டு அப்புறம் பிரிச்சுடலாம்.

மெஷின்னா 16-ம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமா வெச்சு, சதுரங்களோட இணைப்பை ஒட்டியே நேர்க்கோடா நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஓட்டுங்க. துணியை இழுக்காதீங்க, மெஷின் வாங்கிக்கற வேகத்துக்குக் கொடுங்க.

கையாலயா? எனக்குக் கேட்டா இதுதான் சுகம். காந்தா மாதிரி ஒரு விரல் இடைவெளி விட்டு ரன்னிங் ஸ்டிச். தையல் ஒரே அளவுல இருக்கணும்னு அடிச்சுக்காதீங்க. டிவி பார்த்துக்கிட்டே, பஸ்ல போய்க்கிட்டேகூடத் தைக்கலாம். ஒரு துவையலுக்கு அப்புறம் துணி லேசா சுருங்கி, தையல் கோடுகளுக்கு நடுவுல அலை அலையா எழும்பும், அந்த மெத்துமெத்து மெஷின்ல வராது. முடிச்சை மட்டும் வெளியே விடாதீங்க, அடுக்குக்குள்ள இழுத்து ஒளிச்சுடுங்க.

ஓரத்தை மேல்துணி அளவுக்கு வெட்டி நேராக்கிட்டு, பட்டைகளை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு, நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணி, முன்பக்கம் மெஷின் தையல் போட்டு, பின்பக்கம் திருப்பி கையால எம்மிங் பண்ணிடுங்க. மணி, சமிக்கி, பட்டன், குஞ்சலம், ரிப்பன்... எதுவும் வேண்டாம். பிஞ்சு வந்தா நேரா வாய்க்குத்தான் போகும்.

தூங்கறப்போ போர்த்தக் கூடாது!

நாம ஆசை ஆசையாத் தைச்சதாலேயே கண்ணுக்குத் தெரியாமப் போற விஷயம் இது. முதல் விரிப்பை அக்கா போர்வையாத்தான் பயன்படுத்தினா. நானும் அதுக்குத்தான் கொடுத்தேன். பாப்பாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும். ராத்திரி பால் கொடுக்க எழுந்தவ, லைட்டைப் போட்டுப் பார்த்தா விரிப்பு பாப்பாவோட மூக்கு வரைக்கும் ஏறியிருக்கு. கை, காலை உதைச்சதுல அது மேல வந்திருக்கு, எடுத்துவிட பாப்பாவுக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிக்கு ராத்திரி அக்கா தூங்கலை, காலையில போன்ல விஷயத்தைக் கேட்டதுல இருந்து நானும் ஒரு வாரம் சரியாத் தூங்கலை.

அடுத்த செக்கப்ல டாக்டர் தெளிவாச் சொன்னார். ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்துல போர்வை, தலையணை, மெத்துமெத்துனு பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-ல புதுப்பிச்ச வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது: குழந்தை மல்லாக்கப் படுக்கணும், படுக்கை சமமா, அழுத்தினா அமுங்காததா இருக்கணும், கூட தளர்வான துணி எதுவும் வேண்டாம். குளிர்ற மாதிரி இருந்தா உடுப்பைக் கூட்டுங்க, போர்வையைக் கூட்டாதீங்க.

அப்போ விரிப்பு எதுக்கு? முழிச்சிருக்கறப்போ தரையில விரிச்சுக் குப்புறப் போட்டு விளையாட. பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்துக்கிட்டே. மடியில வெச்சுப் பால் கொடுக்கறப்போ கீழே போட. குளிப்பாட்டிட்டு வெயில்ல காட்டறப்போ. தடுப்பூசிக்குப் போற இடத்துல அந்த ஜில்லுனு இருக்கற மேஜை மேல. ஒரு வயசுக்கு அப்புறம் தாராளமாப் போர்த்திக்கலாம். பரிசாக் கொடுக்கறப்போ இதை வாயால சொல்லிக் கொடுங்க, கொடுக்கறவங்க சொல்லலைன்னா வாங்கறவங்க போர்வைன்னுதான் நினைப்பாங்க. நான் ரெண்டாவது விரிப்போட பின்பக்கம் ஒரு சின்னத் துணி லேபிள் தைச்சு, 'தரையில் விரிக்க' அப்படின்னு நூலால எழுதிட்டேன்.

லேபிள்ல பாப்பா பேரையும் தேதியையும் போடணும்னா, பேர் வைக்கிற வரைக்கும் காத்திருங்க. குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கி வைக்கக் கூடாதுன்னு நினைக்கிற வீடுகள் நிறைய. மத்த எல்லாத்தையும் முடிச்சு உங்க வீட்டுலயே வெச்சிருந்து, தொட்டில் போடுற அன்னிக்குக் கொண்டுபோகலாம்.

துவைக்கிறது சுலபம். முதல் ரெண்டு தடவை மட்டும் தனியா. சாதாரணத் தண்ணி, கொஞ்சமா மைல்டான சோப்பு, நல்லா அலசிட்டு, கயித்துல தொங்கவிடாம விரிச்சுப் போட்டுக் காய வைங்க. ஈரம் குடிச்ச அடுக்குத் துணி கனமா இருக்கும், தொங்கினா தையல் இழுத்துக்கும். உள் அடுக்கும் காய்ஞ்சிருக்கான்னு நடுவுல அழுத்திப் பாருங்க, இல்லைன்னா புழுங்கல் வாடை வந்துடும். கிழிஞ்சா இன்னொரு ஒட்டுத்துணி போடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது, அது பொறந்ததே ஒட்டுத்துணியில இருந்துதான்.

அப்பத்தா சேலையில மிச்சம் வந்த ரெண்டு சொச்சம் மீட்டரும் முந்தானையோட முழுசா இருக்கு. அப்பா அதை அவரே மடிச்சு மறுபடியும் பீரோவுல வெச்சுட்டார். அடுத்து தம்பிக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காங்க.